சூரிய உதயப் படங்கள்: ஃபில்டர், பிராக்கெட்டிங், மாஸ்க் மூன்றிலும் பல வருட அனுபவம்

சூரிய உதயத்தைப் படமெடுக்கக் கிளம்பும் எல்லோருக்கும் முதலில் வந்து நிற்கிற பிரச்சினை ஒன்றுதான். வானத்துக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வைத்தால் தரை கரியாகிறது. தரைக்கு வைத்தால் வானம் வெளுத்துப் போகிறது. இதைச் சமாளிக்க நான் மூன்று வழிகளையும் வருடக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன்: லென்ஸுக்கு முன்னால் கிராஜுவேட்டட் என்டி ஃபில்டர், வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்து இணைக்கும் பிராக்கெட்டிங், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஒரே ரா ஃபைலில் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் மாஸ்க் போடுவது, அதாவது ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்துவது. எது கையில் தங்கியது, எது பையை விட்டு இறங்கியது என்று எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூரியனைச் சுற்றியுள்ள நிறம் கேமராவுக்குள் பத்திரமாக வந்துவிட்டால் மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது வரவில்லை என்றால் எந்த மென்பொருளும் அதைத் திருப்பிக் கொடுக்காது.

முதலில் ஃபில்டர். மேல்பாதி இருண்டும் கீழ்ப்பாதி தெளிவாகவும் இருக்கும் சதுரக் கண்ணாடி அல்லது ரெசின் தகடு இது. 0.6 என்றால் இரண்டு ஸ்டாப், 0.9 என்றால் மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் இது இல்லாமல் வேலை நடக்காது. அந்த ஃபிலிமில் விவரத்தோடு பதியும் வெளிச்ச வித்தியாசமே ஏறக்குறைய ஐந்து ஸ்டாப்தான். மலைக் காட்சிகளுக்குப் பெயர்போன கேலன் ரோவல் தன் பெயரிலேயே சிங்-ரே நிறுவனத்தோடு சேர்ந்து இப்படிப்பட்ட ஃபில்டர்களைக் கொண்டுவந்தார் என்றால் அதன் தேவையைப் புரிந்துகொள்ளலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, நின்ற இடத்திலேயே முழுப் படமும் திரையில் தெரிந்துவிடுவது. வானம் அடங்கியிருக்கிறதா, முன்னால் இருக்கும் பாறையில் போதுமான ஒளி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, தேவைப்பட்டால் நகர்ந்து நின்று மறுபடி எடுக்கலாம்.

ஆனால் நாள்பட்ட உபயோகத்தில் குறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. ரெசின் தகடு சீக்கிரம் கீறல் விழும். சூரியனுக்கு நேராகத் திருப்பும்போது ஒவ்வொரு கீறலும் ஒவ்வொரு நீர்த்துளியும் ஒளிப்பொட்டாக மாறும். மலிவான தகடுகள் மேகத்தில் ஊதா கலந்த சிவப்புச் சாயத்தை ஏற்றிவிடும்; அதை எடிட்டிங்கில் எடுப்பது தனி வேலை. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அடிவானத்தைத் தாண்டி நிற்கும் பொருள்கள்தான். ஒற்றை மரம், குன்றின் உச்சி, கோபுரம் எதுவானாலும் மேல்பாதி மட்டும் இயல்புக்கு மாறாக இருண்டு போகும். அதனால் என் பையில் இப்போது மிஞ்சியிருப்பது ரிவர்ஸ் கிராட் மட்டும். நடுக்கோட்டில் அதிக இருட்டும் மேலே போகப்போகக் குறைந்த இருட்டும் உள்ள தகடு அது. கடல் அடிவானம் நேர்க்கோடாக இருந்து, சூரியன் அந்தக் கோட்டிலேயே இருக்கும்போது அதற்கு ஈடு வேறில்லை. மற்ற இடங்களில் நான் அதை வெளியே எடுப்பதில்லை. பளபளப்பைக் குறைக்கவும் வானத்தை அடர்த்தியாக்கவும் போடும் போலரைசர் ஃபில்டர் பற்றியும் கேட்பார்கள். வானத்தில் அது நன்றாக வேலை செய்வது சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில்தான். உதயத்தை நேருக்கு நேர் பார்த்து எடுக்கும்போது வானத்துக்கு அதனால் பயனில்லை. ஈரப்பாறை, நீர்ப்பரப்பு ஆகியவற்றின் பளபளப்பைக் குறைக்க மட்டும் உதவும்.

அடுத்தது பிராக்கெட்டிங். இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள், அப்புறம் கணினியில் இணைப்பு. எச்டிஆர் (இப்படிப் பல எக்ஸ்போஷர்களை ஒன்றாக்குவது) என்றதும் இதை டிஜிட்டல் காலத்து வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். 1850களிலேயே பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே அச்சில் சேர்த்திருக்கிறார். அந்தக் காலத்துத் தகடுகள் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி உணர்திறன் கொண்டவை. வானம் வெளுத்துப் போகும். ஆக இந்தப் பிரச்சினையும் இந்தத் தீர்வும் போட்டோகிராபிக்கு மிகப் பழையவை.

காற்றில்லாத காலை, அசையாத பாறை என்றால் பிராக்கெட்டிங் அருமை. புல் ஆடினால், அலை வந்தால், படகு நகர்ந்தால் இணைப்பில் பேய் போல இரட்டை உருவங்கள் விழுகின்றன. மென்பொருள் அவற்றை நீக்கத் தெரிந்துகொண்டது உண்மைதான்; நீக்கிய இடம் சில சமயம் குழைந்து போகிறது. தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் சூரியனே நகர்ந்துவிடும். அதன் விட்டம் ஏறக்குறைய அரை டிகிரி, தன் அளவு தூரத்தைக் கடக்க இரண்டு நிமிடம் போதும். நான் இப்போதும் பிராக்கெட் எடுக்கிறேன், காப்பீடாக. பெரும்பாலான காலைகளில் அந்த மூன்றில் ஒன்றை மட்டும்தான் திறக்கிறேன்.

காரணம் சென்சார்கள் வந்து சேர்ந்திருக்கும் இடம். அடிப்படை ஐஎஸ்ஓவில், அதாவது கேமராவின் இயல்பான உணர்திறன் அமைப்பில், ஒரு நல்ல ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சார் 14 ஸ்டாப் அளவுக்குப் பிடிக்கிறது. மூன்று ஸ்டாப் இருட்டாக எடுத்த நிழலை மேலே தூக்கினாலும் அச்சில் பார்க்கும் அளவுக்குச் சுத்தமாகவே வருகிறது. அப்படியானால் கேமராவில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வெளிச்சப் பகுதியைக் காப்பாற்றுவது. இதில்தான் நான் அதிகம் கவனம் வைக்கிறேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேமராவின் பின்திரையில் வரும் வெள்ளை நிற ஹிஸ்டோகிராமை (இடமிருந்து வலமாக இருட்டு முதல் வெளிச்சம் வரை காட்டும் வரைபடம்) மட்டும் பார்த்தால் உதய நேரத்தில் ஏமாந்துவிடுவோம். அந்த வெளிச்சக் கணக்கில் பச்சைக்குத்தான் பெரிய பங்கு. உதயத்திலோ மிச்ச நிறங்களை முந்திக்கொண்டு ஓடுவது சிவப்பு. வெள்ளைக் கோடு நடுவில் நிதானமாக நிற்கும்போதே சிவப்பு வலது சுவரில் போய் முட்டியிருக்கும். சிவப்பு நிரம்பி நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போனால் ஆரஞ்சு மஞ்சளாகத் திரிகிறது. சூரியனைச் சுற்றி ஓரம் கட்டியது போலத் தட்டையான மஞ்சள் திட்டு ஒன்றைப் பல படங்களில் பார்க்கலாம், அதன் மூலம் இதுதான். ஆகவே மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை இயக்கிவிட்டு, சிவப்பு வலது சுவரைத் தொடாத அளவுக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள்.

இன்னொரு நுணுக்கம். திரையில் வரும் ஹிஸ்டோகிராம் ரா ஃபைலிலிருந்து வருவதில்லை, கேமரா உள்ளே தயாரிக்கும் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வருகிறது. ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்துக்கு ஏற்ப படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) மேகமூட்டம் என்று வைத்தால் சிவப்பு கூடுதலாகப் பெருக்கப்பட்டுக் கணக்கு மாறும். நான் எப்போதும் பகல் ஒளி அமைப்பில், அதாவது 5200 முதல் 5500 கெல்வினில், வைத்துவிடுகிறேன். காலைக்குக் காலை ஒப்பிட வசதி. திரையில் சிவப்பு லேசாக முட்டினாலும் ராவில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். எவ்வளவு என்பது கேமராவுக்குக் கேமரா மாறும், உங்கள் கேமராவில் சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. சூரிய வட்டம் மேலே ஏறிவிட்ட பிறகு அது வெளுக்கத்தான் செய்யும், அதை விட்டுவிடலாம். அதைச் சுற்றிய வளையம்தான் முக்கியம்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே இருப்பதிலிருந்து உதிக்கும் வரையான பொழுதில்தான் நல்ல நிறங்களில் பாதிக்கு மேல் வந்து போகின்றன. நிலநடுக்கோட்டுப் பக்கம் அது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். துருவங்களை நோக்கிப் போகப்போக நீண்டுகொண்டே போகும். உயரமான இறகு மேகம் இருந்து, கீழ்வானத்தில் தாழ்ந்த மேகம் அடைக்காமல் இருந்தால் சிவப்பு கீழிருந்து மேகத்தில் படரும். அந்த நேரத்தில் ஒருமுறை மேற்கே திரும்பிப் பாருங்கள். அடிவானத்தை ஒட்டி சாம்பல் நீலப் பட்டை, அதன் மேல் ரோஜா நிறப் பட்டை. கீழே உள்ளது பூமியின் நிழல். வெளிச்ச வித்தியாசம் குறைவு, எடுப்பதும் எளிது. எனக்குப் பிடித்த படங்களில் பல அந்தப் பக்கம் பார்த்து எடுத்தவை. கருக்கலில் 30 வினாடியில் ஆரம்பித்த ஷட்டர் சூரியன் வரும்போது 1/60க்குப் போய்விடும், அதனால் மேனுவலில் வைத்து ஷட்டர் டயலை மட்டும் தொடர்ந்து திருப்புகிறேன்.

ஃபோகஸ், அப்பர்ச்சர் எல்லாம் ஒருமுறை பழகினால் போதும். 24 மி.மீ. லென்ஸில் அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் துவாரம்; எண் கூடினால் துவாரம் சிறிது) எஃப் 11 வைத்து, சுமார் 1.75 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் காலடிப் பாறையிலிருந்து தூரத்து மலை வரை தெளிவு கிடைக்கும். சூரியன் நட்சத்திரம் போல விரிய வேண்டுமானால் எஃப் 16. அதற்கு மேல் மூடினால் மொத்தப் படத்தின் கூர்மையும் குறையும். டெலி லென்ஸ் போட்டுக் கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடி வியூஃபைண்டரில் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து. பின்திரையில் பாருங்கள். குளிர்ந்த அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வரும்போது லென்ஸ் வியர்க்கும். பையை மூடியபடியே வெளியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அப்புறம் திறந்தால் அந்தத் தொல்லை குறையும்.

இனி எடிட்டிங். நான் அதிகம் பயன்படுத்துவது லைட்ரூம் என்ற மென்பொருள். இலவசமான டார்க்டேபிளிலும் இதே வேலைகளைச் செய்யலாம், பெயர்களும் வரிசையும்தான் வேறு. 2021 அக்டோபரில் லைட்ரூமில் மாஸ்கிங் புதுப்பிக்கப்பட்டு, வானத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தபோது என் வேலை முறையே மாறியது. ஃபில்டரால் செய்ய முடியாததை, அதாவது மரத்தின் உச்சியைத் தொடாமல் வானத்தை மட்டும் இறக்குவதை, அது செய்தது. ஆனால் இலைகளுக்கு நடுவே தெரியும் வானத்தில் அது தடுமாறும், ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். அங்கே வான மாஸ்க்கை விட்டுவிட்டு, நேர்க்கோட்டு கிரேடியன்ட் (படிப்படியாக மங்கும் மாஸ்க்) போட்டு அதை வெளிச்ச அளவோடு குறுக்கிட வைத்தால் (இன்டர்செக்ட்) பிரகாசமான பகுதிக்கு மட்டும் போய்ச் சேரும். ஓரம் இயல்பாக இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு படம். முன்னால் புல் சரிவு, கீழே பள்ளத்தாக்கில் மூடுபனி, பின்னால் மலை விளிம்பில் சூரியன் எட்டிப்பார்க்கிறது. ரா ஃபைலைத் திறந்தால் புல் கிட்டத்தட்ட கறுப்பு. முதலில் நிழலை 40 வரை மட்டும் தூக்குகிறேன், 100க்கு இல்லை. விடியலில் புல் இருட்டாகத்தான் இருந்தது. நண்பகல் போல அதை வெளிச்சமாக்கினால் பார்ப்பவர் கண் நம்பாது. ஹைலைட், அதாவது வெளிச்சப் பகுதி, 60 குறைகிறது. அடுத்து நிறம். பலர் செய்வது போல மொத்தப் படத்தையும் மஞ்சள் பக்கம் தள்ளினால் புல்லில் இருந்த நீலக் குளிர்ச்சி செத்துப்போகும். உதயத்தின் அழகே ஒளி பட்ட இடத்தின் வெதுவெதுப்பும் படாத இடத்தின் குளிர்ச்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான். அதனால் மொத்தத்தை 5200இலேயே விட்டு, சூரியனைச் சுற்றி ஒரு வட்ட மாஸ்க் போட்டு அதற்குள் மட்டும் லேசாக வெப்பம் கூட்டுகிறேன். பனி மேல் டீஹேஸ் போடுவதே இல்லை. பனியை நீக்கத்தான் அந்தக் கருவி செய்யப்பட்டிருக்கிறது, நாம் காலையில் எழுந்து போனதோ பனிக்காக. மாறாக அந்த இடத்தில் டீஹேஸையும் கிளாரிட்டியையும் (நுண்விவரங்களின் ஒளி-நிழல் வித்தியாசத்தைக் கூட்டும் கருவி) மைனஸ் 10 அளவுக்குக் குறைத்தால் பனி மென்மையாகி ஒளி பரவியது போல வரும். மலை விளிம்பிலும் கிளாரிட்டி வேண்டாம். வானத்தோடு சேரும் கோட்டில் ஒளிவட்டம் போட்டுவிடும்.

நிறச்செறிவில், எல்லா நிறங்களையும் ஒரே அளவில் கூட்டும் சாச்சுரேஷனை நான் தொடுவது அபூர்வம். ஏற்கனவே நிரம்பிய ஆரஞ்சைத்தான் அது முதலில் உடைக்கும். மங்கிய நிறங்களை மட்டும் அதிகம் கூட்டும் வைப்ரன்ஸ் 10, 15 போதும். ஆரஞ்சு பச்சை கலந்த மஞ்சளாகத் தெரிந்தால் நிறக்கலவைப் பகுதியில் மஞ்சளின் ஹியூவை (நிறச் சாயலை) ஆரஞ்சுப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, ஆரஞ்சின் லூமினன்ஸை (பிரகாசத்தை) ஐந்தோ பத்தோ குறைத்தால் ஆழம் திரும்புகிறது. 2023இல் லைட்ரூமில் வந்த, புள்ளி இரைச்சலை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் கருக்கல் படங்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது, பாதி அளவில் வைத்தால். முழு அளவில் புல்லும் பாறையும் மெழுகாகிவிடும்.

மேகமில்லாத வானத்தில் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறும் இடத்தில் படிப்படியாகக் கோடுகள் விழுவது பலருக்கு வரும் புகார். நிறப் படிகள் குறைவான 8 பிட் ஃபைலில் திரும்பத் திரும்பத் திருத்துவதால் வருவது பெரும்பாலும். ஃபோட்டோஷாப்புக்கு அனுப்பும்போது 16 பிட்டாக அனுப்பி, கடைசியில் மட்டும் ஜேபெக் ஆக்குங்கள். அப்படியும் தெரிந்தால் மிகச் சிறிதளவு கிரெய்ன் (ஃபிலிம் போன்ற புள்ளித் தன்மை) சேர்த்தால் கோடு கரைந்துவிடும். மானிட்டர் வெளிச்சத்தையும் கவனியுங்கள்: சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா. முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்த உதயப் படங்கள் அச்சில் இருண்டு வருவது அதனால்தான்.

அச்சு என்றதும் கடைசியாக ஒன்று. எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது நிற வரம்பு) வரம்புக்கும் பிரின்டரின் வரம்புக்கும் வெளியே போகும் ஆரஞ்சை சாஃப்ட் ப்ரூஃபிங்கில் (அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் வசதி) பார்த்து, அந்த நிறத்தின் செறிவை மட்டும் குறைத்த பிறகே அனுப்புகிறேன். மேட் காகிதத்தில் கறுப்பு அவ்வளவு ஆழமாக வராது, அடர்ந்த நிறங்களும் மங்கும். பனி, ரோஜாப் பட்டை போன்ற மென்மையான காலைகளுக்கு அது பொருத்தம். செவ்வானம் கொதிக்கிற படங்களைப் பளபளப்பான காகிதத்தில் போடுங்கள். இரண்டிலும் நிழலைத் திரையில் தெரிவதைவிட அரை ஸ்டாப் போலத் தூக்கி ஒரு சின்ன சோதனை அச்சு எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய அளவுக்குப் போவது நல்லது.