வைவா படிக்குச் சரி, பரிசுப் படிக்குக் கூடவே இருங்கள்: சேலம் ஆய்வேட்டுக் கடை ஒன்றின் மதிப்புரை

பழைய பேருந்து நிலையம் பக்கமுள்ள இந்தக் கடையில் டைப்செட்டிங், அச்சு, பைண்டிங் மூன்றும் நடக்கின்றன. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்காகப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் படிக்குத் தாராளமாக நம்பலாம். கடல் வரலாற்றுப் பரிசுக்கு அனுப்பும் ஏடு என்றால் பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலை வாங்க வேண்டும்.

பைண்டிங்தான் இவர்கள் பலம். பசை மட்டும் போட்ட கட்டில் ஏ3 வரைபடத்தை நாலு முறை விரித்தாலே தாள் கழன்றுவிடும். இங்கே முதுகுப் பக்கம் ஓர் அங்குலத் துண்டுத்தாள் சேர்த்து நூலால் தைக்கிறார்கள். மடிப்பு, வெட்டுக்கோட்டுக்கு 1 செ.மீ. உள்ளே நிற்கிறது, இல்லாவிட்டால் கட்டிங் மெஷின் மடிப்பையே அறுத்துவிடும். சேலம் மாவட்ட இரும்புத்தாது 19ஆம் நூற்றாண்டில் கடலோரப் பரங்கிப்பேட்டை இரும்பு ஆலைக்குப் போனதை எழுதுகிறவருக்கு மலையும் கடற்கரையும் ஒரே படத்தில் வேண்டும், ஏ3 இல்லாமல் முடியாது.

படத்தைச் சுருக்குவதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஏ3 ஏ4 ஆனால் நீளமும் அகலமும் 71 சதவீதம் ஆகிவிடும். கீழே அச்சான 1:50,000 அப்போது தவறு. உண்மை அளவு ஏறத்தாழ 1:70,700. எண்ணை எடுத்துவிட்டு அளவுகோல் பட்டையைப் படத்துக்குள்ளேயே போட்டுக் கொடுங்கள், அதுவும் சேர்ந்து சுருங்கும்.

பெரிய தலைவலி பரிசுக்கு அனுப்பும் பிடிஎஃப். பிரிட்டிஷ் கடல்சார் வரலாற்று ஆணையமும் பாய்டெல் அண்ட் புருவர் பதிப்பகமும் சேர்ந்து சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் பரிசு தருகின்றன. இப்படி எந்தப் பரிசுக்கு அனுப்பினாலும் எந்த நாட்டுப் பட்டம், எந்த மொழி, எந்த ஆண்டுக்குள் என்ற விதிகளை முதலில் படித்துவிட்டே கடைக்குப் போங்கள். மின்னஞ்சலில் போகட்டும் என்று கடையில் கோப்பைச் சுருக்குவார்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் 96க்கு இறங்கினால் கடலாழ எண்களில் 3 எது, 8 எது என்று தெரியாது. படங்களைத் தனிக் கோப்பாக வாங்குங்கள். பெயர் மறைத்து அனுப்பச் சொன்னால் அட்டையில் மட்டும் நீக்கினால் போதாது, கோப்பின் பண்புகளிலும் (Properties) பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பாமினி என்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த பழைய அத்தியாயங்களை மொத்தமாக யூனிகோடுக்கு மாற்ற விடாதீர்கள். அடிக்குறிப்பிலுள்ள ஆங்கில ஆவண எண்களும் கப்பல் பெயர்களும் பொருளற்ற தமிழ் எழுத்தாகிவிடும். அடிக்குறிப்புகளைத் தனியே பிரித்துக் கொடுப்பதே வழி.

பிழைத்திருத்தம் மட்டும் இங்கே வேண்டாம். ஆறடி ஆழத்தைக் கடற்கரையில் ‘பாகம்’ என்பார்கள். ‘12 பாகம்’ இங்கே ‘12ஆம் பாகம்’ ஆகிவிட்டது. கொடுத்தே தீர வேண்டுமென்றால் தொடக்கூடாத சொற்களின் பட்டியலை முதல் நாளே கையில் கொடுங்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் நான்கு காற்றும் அதில் இருக்கட்டும்.