சிக்ஸ் லைன், மஞ்சள் கோரிஸ்: மூன்றரை வருடத்துக்குப் பிறகு

என் வீட்டு நாலடி மெரைன் (கடல்நீர்) மீன் தொட்டியில், சுமார் 250 லிட்டர் தண்ணீரில், ராஸ் (wrasse) என்ற கடல்மீன் வகையில் இரண்டு, சிக்ஸ் லைன் ராஸ் ஒன்றும் மஞ்சள் கோரிஸ் ஒன்றும், மூன்றரை வருடமாக இருக்கின்றன. வாங்கிய மாதமே எழுதியிருந்தால் இரண்டுக்கும் முழு மார்க் போட்டிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை.

முதலில் அடையாளம். ராஸ் சாதாரணமாக வாலை அடித்து நீந்தாது. பக்கத் துடுப்பு இரண்டையும் படகோட்டுவது போலப் போட்டுத் துள்ளித் துள்ளிப் போகும், வால் அவசரத்துக்குத்தான். நிறத்தை மட்டும் நம்பினால் மோசம் போவோம். ராஸ்களில் பல பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுபவை. குட்டிக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு வேறொன்று. கடையில் சொல்லும் பெயரும் குழப்பும். மஞ்சள் கோரிஸ் என்பது கோரிஸே இல்லை, அதன் அறிவியல் பெயர் ஹாலிகோயரஸ் கிரைசஸ். நிஜ கோரிஸில் ஒன்று, கோரிஸ் கைமார்ட், குட்டியில் செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைத் திட்டுகளோடு அவ்வளவு அழகாக இருக்கும். சின்ன ராஸ் என்று நினைத்து வாங்கினால் கடலில் 40 செ.மீ. வரை வளரும் மீன் அது. மஞ்சளுக்கு முதுகுத் துடுப்பில் கறுப்புப் பொட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிக்ஸ் லைனுக்குக் கோடுகளை எண்ணுங்கள். ஊதா உடம்பில் ஆறு ஆரஞ்சுக் கோடு, பச்சை வால், வால் அடியில் சின்னப் பொட்டு. நாலு கோடு, எட்டுக் கோடு பங்காளிகளும் உண்டு.

விலை கேட்பதற்கு முன்னால் நான் இப்போது கேட்கும் கேள்வி, 'இது எங்கே தூங்கும்?' மஞ்சள் கோரிஸ் மணலில் தூங்குகிற சாதி. இது தெரியாமல் உடைத்த பவளத் துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். அதில் பாய்ந்தால் உடம்பு கீறிப்போகும். மீனை ஒரு மணல் டப்பாவோடு தனியாக வைத்துவிட்டு, தொட்டியில் இரண்டங்குலம் நைஸ் மணல் போட்டேன். தொட்டியில் விட்டதும் நாலு நாள் ஆளைக் காணோம். 'செத்துப் போச்சு, தோண்டி எடுங்க, தண்ணி கெட்டுடும்' என்று வீட்டில் ஒரே நச்சரிப்பு. தோண்டவில்லை. ஐந்தாம் நாள் காலை மணலிலிருந்து ஒரு மஞ்சள் மூக்கு எட்டிப் பார்த்தது. இன்றும் விளக்கு அணையக் காத்திருக்காது. சாயங்காலம் ஒரே இடத்தில் நின்று தலையைச் சாய்க்கும், சட்டென்று மணல் புகையும், அவ்வளவுதான்.

சிக்ஸ் லைனுக்கு மணல் வேண்டாம், பாறை இடுக்கு போதும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் தன்னைச் சுற்றி ஊதிய சளிக்கூட்டுக்குள், கண்ணாடித்தாளில் சுற்றிய மிட்டாய் மாதிரி கிடக்கும்.

முதல் வருடம் சிக்ஸ் லைன் தங்கம். பவளத்தில் ஒட்டியிருந்த தட்டைப்புழுக்களைப் பொறுக்கித் தின்றது. இரண்டாம் வருடம் ரவுடி. புதிதாக விட்ட ஃபயர்ஃபிஷ்ஷை மூன்று நாள் விடாமல் துரத்தியது. நாலாம் நாள் ஸ்டாண்டுக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது எறும்பு வரிசை. தொட்டிக்கு மூடி போடாதது என் தப்பு. ராஸும் குதிக்கிற மீன்தான். அன்றே கால் அங்குலக் கண் வலையில் மூடி செய்தேன்.

ரவுடியைப் பிடித்துவிடலாம் என்று தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பொறி வைத்தேன். உள்ளே போய் மாட்டியது மஞ்சள். மற்றது வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. எல்லாப் பாறையையும் வெளியே எடுத்தால்தான் பிடிக்க முடியும். எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். இனிமேல் வாங்கினால் எல்லா மீனும் குடியேறிய பிறகு கடைசியாகத்தான் விடுவேன். மஞ்சளுக்குப் பத்துக்கு ஒன்பது. அந்த ஒன்று போனதற்குக் காரணம், தொட்டி தூங்கவா நீந்தவா என்று புரியாத அளவுக்கு அது தூங்குவதுதான். சிக்ஸ் லைனுக்கு ஐந்து, அதுவும் அழகுக்காக.

தீனி பெரிய தலைவலி இல்லை. தினம் இரண்டு வேளை, உறைந்த மைசிஸும் (இறால் போன்ற சின்ன உயிரி) பெல்லட் எனும் உருண்டைத் தீனியும். சும்மா இருக்கும் நேரத்தில் பாறையில் தாங்களே கொத்திக்கொள்ளும்.

கிளீனர் ராஸ் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். மன்னார் வளைகுடாவிலேயே இருக்கிற மீன்தான், ஆனால் பிழைப்பே மற்ற மீன்கள் மேலிருக்கும் ஒட்டுண்ணி. வீட்டுத் தொட்டியில் நாலைந்து மீனை நம்பிப் பெரும்பாலும் பட்டினிதான் கிடக்கும். அதே வேஷத்தில் துடுப்பைக் கடிக்கும் போலி ஒன்றும் உண்டு, அது ராஸ் இல்லை, பிளென்னி என்ற வேறு மீன் வகை. கிளீனருக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும், போலிக்கு மூக்குக்குக் கீழே.