நீதிபதி வந்த வழியைத் தேதியோடு காட்டும் தளம்

அமெரிக்காவில் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதி ஆகத் தேர்வு ஏதாவது உண்டா என்று, அங்கே சட்டம் படிக்கும் மகளிடம் கேட்டேன். "அதெல்லாம் கிடையாதும்மா, அதிபர் பரிந்துரைப்பார், நாடாளுமன்ற மேலவையான செனட் ஒப்புக்கொள்ள வேண்டும்" என்று சொல்லி, அங்குள்ள மத்திய நீதித்துறையின் ஆய்வு அமைப்பான ஃபெடரல் ஜுடிஷியல் சென்டரின் நீதிபதிகள் விவரத் தொகுப்பைத் திறந்து கொடுத்தாள். 1789 முதல் வாழ்நாள் பதவிக்கு வந்த நீதிபதிகளின் குறிப்புகள் இதில் இருக்கின்றன. கட்டணம் இல்லை.

நான் நின்று படித்தது சோனியா சோட்டோமேயர் பக்கத்தை. 1954-இல் நியூயார்க்கின் பிராங்ஸில் பிறப்பு. படிப்பு பிரின்ஸ்டன், யேல் பல்கலைக்கழகங்களில். மன்ஹாட்டனில் அரசுத் தரப்பு உதவி வழக்கறிஞர், அப்புறம் தனியார் வழக்கறிஞர் தொழில். அதிபர் மூத்த புஷ் பரிந்துரைத்து, 1992-இல் மாவட்ட நீதிபதி. அடுத்த படிக்குத்தான் எத்தனை காத்திருப்பு! மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு கிளின்டன் பரிந்துரைத்தது 1997 ஜூன். செனட் ஒப்புக்கொண்டது 1998 அக்டோபர். இரண்டு தேதிகளையும் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தேன், பதினைந்து மாதத்துக்கு மேல். அத்தனை நாளும் கீழ் நீதிமன்றத்தில் வழக்கு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மனசு கனத்துவிட்டது. 2009-இல் ஒபாமா பரிந்துரைத்து உச்ச நீதிமன்றம்.

திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம் கொண்ட ஸ்ரீ ஸ்ரீனிவாசனும் இருக்கிறார். பிறந்தது சண்டிகர். 2013-இல் மேல்முறையீட்டு நீதிபதி பதவிக்குச் செனட்டில் அவருக்கு 97 வாக்குகள். எதிர்த்து ஒன்றுகூட இல்லை.

குறிப்புகள் சுருக்கமானவை, காரணங்களை நாம்தான் வேறெங்காவது தேட வேண்டும். சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு உடனே காட்டுங்கள். நியமித்த அதிபர் பெயரைக் கொண்டும் தேடலாம்.