தூங்குமூஞ்சி மரத்தில் எதைத் தேடுவது: புறா ஆர்க்கிட்டா, புலி ஆர்க்கிட்டா?

சிங்கப்பூர்ச் சாலையோர மரங்களில் இரண்டுமே உண்டு. இரண்டும் மரத்தைப் பற்றி வளர்பவைதான், ஒட்டுண்ணிகள் அல்ல.

புறா ஆர்க்கிட் தானாகவே பரவியது. மெலிந்த தண்டுகள், மணமுள்ள வெள்ளைப் பூ, நடுவில் சிறிது மஞ்சள். சிக்கல், பூ ஒரே நாளில் வாடிவிடும். ஆனால் அந்த நாளைக் கணிக்கலாம். தயாராக இருக்கும் மொட்டுகள் கனமழையில் வெப்பம் திடீரென 5 டிகிரி அளவு இறங்கினால்தான் விழிக்கும். மழை நாளிலிருந்து ஏறக்குறைய 9 நாள் எண்ணி, காலையிலேயே போங்கள். வட்டாரமே ஒன்றாகப் பூத்திருக்கும். மாலையில் போனால் வாடல்தான் மிச்சம்.

புலி ஆர்க்கிட் உலகின் மிகப்பெரிய ஆர்க்கிட். இங்குக் காட்டில் அற்றுப்போனதைத் தேசியப் பூங்காக் கழகம் மீண்டும் மரங்களில் ஏற்றியது. மஞ்சளில் பழுப்புப் புள்ளிகள், ஆளுயரத்தைத் தாண்டும் பூந்தண்டு. பூ வாரக்கணக்கில் நிற்கும், அடுத்த பூப்புக்குச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். உறுதியாகச் செடியையாவது பார்க்க வேண்டுமென்றால் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1861இல் நட்டது இன்னும் அங்கே இருக்கிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளர்க்கப் புறாதான் சரி. நாற்றுப்பண்ணையில் வாங்கி, மரக்கட்டையில் தேங்காய் நாரோடு கட்டுங்கள். மண்ணில் நட்டால் வேர் அழுகும். மழைக் குளிர் எட்டாத மூலையில் மொட்டு விரியாது. புலிக்கோ முழு வெயிலும் பல மீட்டர் இடமும் வேண்டும், தாழ்வாரம் தாங்காது.