பஜ்ஜி மாவு: பாக்கெட்டா, மில்லில் அரைத்ததா?

தருமபுரி பக்கம் மளிகைக் கடைகளில் 200 கிராம் பஜ்ஜி-போண்டா மாவு பாக்கெட் சுலபமாகக் கிடைக்கிறது. அதையும், கடலைப்பருப்பு வாங்கி மில்லில் அரைத்த மாவையும் ஒரே எண்ணெயில் அடுத்தடுத்துப் போட்டால் முதல் ஈடிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். பாக்கெட் மாவு புஸ்ஸென்று உப்பும், பார்க்க அழகு. தட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் தொய்ந்துபோய், அடியில் போட்ட தாள் எண்ணெயாகிவிடும். மில் மாவு அவ்வளவு உப்பாது, மொறுமொறுப்பு நிற்கும்.

காரணம் சோடா. பாக்கெட்டின் பின்பக்கம் ஐ.என்.எஸ். 500 என்று போட்டிருப்பது அதுதான். சோடா அதிகமானால் மேல்தோல் முழுக்க ஓட்டை விழும். எண்ணெயை விட்டு வெளியே எடுத்து ஆறும்போது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அந்த ஓட்டைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதில் மஞ்சள் தூளும் சேர்த்தால் மாவு செங்கல் நிறத்துக்குப் போகும்.

பாக்கெட்டையே வாங்கினாலும் சரிசெய்ய வழி உண்டு. 200 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசி மாவு, ஒரு மேசைக்கரண்டி காய்ந்த எண்ணெய், அரை டீஸ்பூன் ஓமம். தண்ணீர் முதலில் 200 மில்லி மட்டும், பிறகு கரண்டி கரண்டியாக. கலவை கரண்டியின் முதுகில் படிந்து நிற்க வேண்டும். உப்பு போடுவதற்கு முன் நக்கிப் பாருங்கள். பாக்கெட்டில் ஏற்கெனவே தாராளமாகவே இருக்கும்.

மில்லுக்குப் போவதாக இருந்தால் ஒரு கிலோ கடலைப்பருப்புக்கு 200 கிராம் பச்சரிசி. இரண்டு மணி நேரம் வெயிலில் காயவைத்து, நைஸாக அரைக்கச் சொல்லுங்கள். நம்ம ஊர் மில்களில் கேழ்வரகு ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு அடுத்து உங்கள் பருப்பைக் கொட்டினால் முதலில் விழும் மாவு கறுத்து வரும், பஜ்ஜியும் அழுக்கு நிறமாகும். மிளகாய் அரைத்த மெஷினாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கைப்பிடி அரிசியை முதலில் ஓட்டிவிட்டு அரைப்பதுதான் சரி, சொன்னால் செய்வார்கள். சூடாக வரும் மாவைத் தாளில் பரப்பி ஆறவைக்காமல் டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி பிடிக்கும். இந்த மாவில் ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் பெருங்காயம், உப்பு; சோடா ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

மாவு நன்றாக இருந்தும் காயை விட்டுக் கழன்று வருகிறதா? காயில் ஈரம். காலிஃபிளவரை உப்புப் போட்ட வெந்நீரில் முக்கி எடுத்தபின் துணியில் ஒற்றி, அரிசி மாவு லேசாகத் தூவிப் புரட்டிவிட்டு மாவில் தோயுங்கள். வாழைக்காயும் உருளைக்கிழங்கும் 3 மில்லிமீட்டர் கனம் போதும். தடித்தால் வெளியே சிவந்தும் உள்ளே வேகாது. பஜ்ஜி மிளகாயைக் கீறி விதையை எடுத்து, புளி, உப்பு, ஓமம் அரைத்த விழுதைத் தடவினால் காரம் அடங்கும்.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி. ஒரு சொட்டு மாவு அடியில் போய் உடனே மேலே வந்தால் பதம். புகைந்தால் அடுப்பைக் குறையுங்கள். வாணலி நிறையப் போட்டால் சூடு இறங்கி, எந்த மாவானாலும் எண்ணெய் குடிக்கும்.

திடீர் விருந்தாளிக்குப் பாக்கெட் போதும். வாரம் தவறாமல் பஜ்ஜி போடும் வீட்டுக்கு மில் மாவுதான்.

தொட்டுக்கொள்ள, பாலக்கோடு பக்கத்துத் தக்காளி கால் கிலோ, ஆறு வரமிளகாய், ஐந்து பல் பூண்டு. எண்ணெயில் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, ஆறியதும் தண்ணீர் விடாமல் அரையுங்கள். நாட்டுத் தக்காளி என்றால் புளி வேண்டாம். கெட்டித் தோல் ஹைபிரிட் என்றால் நெல்லிக்காய் அளவில் பாதிப் புளியும், சிறு துண்டு வெல்லமும். சட்னி தண்ணியாக இருந்தால் மறுபடி அடுப்பில் வைத்துச் சுண்டவிடுங்கள். தண்ணிச் சட்னியில் தோய்த்த பஜ்ஜி வாய்க்கு வருமுன் ஊறிவிடும்.