கணக்குக்கு ஒரு வரி, எனக்கு ஒரு வரி: ஆறு வருட கிரப் அனுபவம்

எங்கள் வீட்டு லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்தினால் இப்போது கறுப்புத் திரையில் மூன்றே வரி வரும். முதல் வரி ‘கணக்கு’, அதாவது விண்டோஸ். இரண்டாவது உபுண்டு என்ற லினக்ஸ். மூன்றாவது உபுண்டுவின் பழைய கர்னல்கள் (மையப் பகுதிகள்) அடங்கிய ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’. அதை நான்கூட வருடத்துக்கு ஒருமுறைதான் திறப்பேன். ஒரே மெஷினில் இரண்டு இயங்குதளம் இருந்தால், எதை ஏற்றுவது என்று கேட்டு இந்த மெனுவைக் காட்டும் சின்ன நிரல்தான் கிரப். படம் இல்லை, தீம் இல்லை. இந்த மூன்று வரிக்கு வந்து சேர ஆறு வருடம் ஆனது.

2019-இல் வாங்கிய மெஷின். விண்டோஸ் 10-உடன் வந்தது. எஸ்எஸ்டியில் 80 ஜிபியைப் பிரித்து உபுண்டு 18.04 போட்டேன். பகலில் என் மனைவி விண்டோஸில் நாலைந்து கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுவார், ஜிஎஸ்டி தாக்கல் செய்வார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மெஷின் என் கைக்கு வரும். உபுண்டு நிறுவியதும் அதுவே மெனுவில் முதலில் நின்றது. 10 நொடி காத்திருந்துவிட்டுத் தானாக ஏறிவிடும். அந்தப் பத்து நொடிக்குள் அம்புக்குறியை அழுத்தி விண்டோஸுக்குப் போக வேண்டியவர் அவர். பட்டனைத் தட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறவரிடம் அதை எதிர்பார்த்தது என் தப்பு.

முதல் வைத்தியம் எல்லோரும் செய்வதுதான். ஈடிசி அடைவுக்குள் இருக்கும் ‘டிஃபால்ட்/கிரப்’ கோப்பைத் திறந்து, எது தானாக ஏற வேண்டும் என்று சொல்லும் ‘கிரப்_டிஃபால்ட்’ வரியில் 0-ஐ 2 ஆக்கி, மாற்றம் மெனுவில் ஏற டெர்மினலில் ‘அப்டேட்-கிரப்’ அடித்தேன். கிரப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். உபுண்டு 0, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் 1, விண்டோஸ் 2. வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஐந்து வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடையில் ‘கடைசியாகத் தேர்ந்ததை நினைவில் வை’ என்ற வசதியையும் பார்த்தேன். ‘கிரப்_டிஃபால்ட்’ வரியில் ‘சேவ்டு’ என்று போட்டு, ‘கிரப்_சேவ்டிஃபால்ட்’ வரியை ‘ட்ரூ’ ஆக்கினால் போதும். தனி ஆளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இரண்டு பேர் புழங்கும் மெஷினில் ராத்திரி கடைசியாக உட்கார்ந்தவன் பக்கமே சாயும். காலையில் அவருக்கு என் உபுண்டு வரும். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. உபுண்டுவை பிடிஆர்எஃப்எஸ் பார்ட்டிஷனில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி வேலையே செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோப்பு முறைமையில் கிரப்பால் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும்.

2020 ஊரடங்கில் தீம் பைத்தியம் பிடித்தது. கண்ணாடிபோல் பளபளக்கும் பின்னணி, வட்ட வட்டமாக ஐகான்கள். முழு எச்டி திரையில் எழுத்து எறும்பு சைஸில் தெரிந்தது. அம்புக்குறியை அழுத்தினால் வெளிச்சம் அடுத்த வரிக்கு நகர யோசித்தது. மெனுவின் திரை அளவைச் சொல்லும் ‘ஜிஎஃப்எக்ஸ்மோட்’ வரியில் 1024x768 என்று கொடுத்ததும் இரண்டும் சரியாயின. தீம் போடுகிறீர்களோ இல்லையோ, இந்த ஒரு வரியை மாற்றிவிடுங்கள். கண்ணாடி போட்டவர்கள் வாழ்த்துவார்கள்.

மெனுவைத் தமிழில் வைக்கும் ஆசையும் அப்போதுதான் வந்தது. எழுத்துரு இருந்தது, எழுத்தும் வந்தது, ஆனால் ‘வேலை’ என்று எழுதினால் கொம்புகள் இடம் மாறிப்போய் ஒட்டிக்கொண்டன. எழுத்தை முன்பின்னாகக் கோக்கும் வேலையை கிரப் நம் மொழிக்குச் செய்வதில்லை. பழைய தட்டச்சுப் பிழைபோலக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், ஆங்கில எழுத்திலேயே ‘கணக்கு’ என்று வைத்தேன். தீம் அந்த வருடக் கடைசியிலேயே போய்விட்டது.

பேட்டரி செத்த பிறகு ஒரு புதுத் தொல்லை. உபுண்டு ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், ‘போன முறை ஒழுங்காக ஏறவில்லை’ என்று கிரப் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை மெனு 30 நொடி நிற்கும். அடுத்து உபுண்டு ஒழுங்காக ஏறி முடிக்கும்வரை அந்தக் குறிப்பு அழியாது. ராத்திரி நான் செய்த பாவத்துக்குக் காலையில் அவர் அரை நிமிடம் காத்திருந்தார். உபுண்டுவில் இதற்கென்றே ‘ரெக்கார்ட்ஃபெயில்_டைம்அவுட்’ என்று ஒரு வரி உண்டு. அந்தக் கோப்பில் முதலிலேயே எழுதியிருக்காது; நாமாகத்தான் சேர்க்க வேண்டும். 5 என்று கொடுத்தேன்.

2023-இல் பேட்டரியும் கீபோர்டும் மாற்ற ஒரு கடையில் கொடுத்தேன். மெஷினை முதலில் எழுப்பும், போர்டிலேயே இருக்கும் நிரலான பயாஸையும் புதுப்பித்துத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் மெனுவே இல்லை, நேராக விண்டோஸ். “இப்பதாங்க நல்லா இருக்கு, இப்படியே விட்டுருங்க” என்றார் மனைவி. உபுண்டு எங்கும் போகவில்லை. எதை முதலில் எழுப்புவது என்று போர்டில் இருக்கும் பட்டியலிலிருந்து அதன் பெயர் அழிந்திருந்தது, அவ்வளவுதான். நிறுவாமலே உபுண்டு ஓடும் பென் டிரைவான லைவ் யுஎஸ்பி வழியாகப் போய் ‘ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ கட்டளையால் பெயரைத் திரும்பச் சேர்த்தேன். மெனுவை எவ்வளவு அழகு செய்தாலும் அது அந்தப் பட்டியலின் தயவில் இருக்கிறது. உபுண்டு லைவ் யுஎஸ்பி ஒன்று மேஜை டிராயரில் எப்போதும் கிடக்கட்டும்.

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு டூயல் பூட் (ஒரே மெஷினில் இரண்டு இயங்குதளம்) வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் ஏறவில்லை. ‘எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்டு’ என்று சொல்லி மெஷின் அணைந்துபோனது. கையொப்பம் சரியாக உள்ள நிரலை மட்டும் ஏறவிடும் ‘செக்யூர் பூட்’ காவலை நான் ஆரம்பத்திலேயே அணைத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். அதை என் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அதே வருடக் கடைசியில் மாட்டினேன். உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாறினேன். எல்லாம் நன்றாக இருந்தது. டிசம்பர் 20, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி படிவத்துக்குக் கடைசி நாள். அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது.

“என்னங்க, டேலி வரல. நீலமா ஏதோ ஓடுது. எதையோ எண்ணிக்கிட்டே இருக்கு.”

மெம்டெஸ்ட். ராம் சோதிக்கும் கருவி. பழைய பதிப்பு யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த புது முறை) மெஷின்களில் ஓடாது, அதனால் 22.04 மெனுவில் அது தலைகாட்டியதே இல்லை. 24.04-உடன் வந்த புதுப் பதிப்பு ஓடும். அது தன் பங்குக்கு இரண்டு வரிகளை உபுண்டுவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே நுழைத்துவிட்டது. விண்டோஸ் 4-க்குத் தள்ளப்பட்டது. என் 2 இப்போது மெம்டெஸ்ட்டைக் காட்டியது. பெயரைச் சொல்லாமல் வீட்டு எண்ணைச் சொன்னால், தெருவில் புதிதாக ரெண்டு வீடு கட்டியதும் தபால்காரர் என்ன செய்வார்? தப்பு அவர் மேல் இல்லை. போனிலேயே ‘எஸ்கேப் அழுத்து, அம்புக்குறியைக் கீழே தள்ளு, கணக்கு என்று இருக்கிறதா பார்’ என்று சொல்லி ஏற்றிவிட்டேன். தாக்கல் நேரத்தில் முடிந்தது. சாயங்காலம் பேச்சு அதிகம் இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து செய்ததுதான் இன்றுவரை ஓடுகிறது. ‘கிரப்.டி’ அடைவில் ‘40_கஸ்டம்’ என்ற கோப்பு இருக்கும். அதை ‘09_கணக்கு’ என்ற பெயரில் நகலெடுத்தேன். முன்னால் உள்ள எண்தான் வரிசை. உபுண்டுவுக்கான கோப்பு 10-இல் தொடங்குவதால் 09 அதற்கு மேலே வரும். அதற்குள் ஒரே ஒரு மெனு வரி: தொடக்கக் கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை யுயுஐடி என்ற அதன் தனி அடையாளத்தை வைத்துத் தேடு, விண்டோஸ் பூட் மேனேஜரிடம் கையைக் கொடு. அந்த வரிக்கு ஒரு ஐடி வைக்கலாம் என்பதுதான் எனக்கு இத்தனை வருடம் தெரியாத விஷயம். ‘கிரப்_டிஃபால்ட்’ வரியில் எண்ணுக்குப் பதில் அந்த ஐடியைக் கொடுத்துவிட்டால், நடுவில் பத்து வரி நுழைந்தாலும் அது சரியான கதவைத்தான் தட்டும்.

பிறகு மெம்டெஸ்ட், ஓஎஸ்-புரோபர், யுஇஎஃப்ஐ செட்டிங்ஸ் ஆகிய மூன்று ஸ்கிரிப்டுகளின் இயக்க அனுமதியை ‘சிஎச்மோட்’ கொண்டு எடுத்தேன். கோப்புகளை அழிக்க வேண்டாம், நாளைக்கே தேவைப்படும். இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்தேன். உபுண்டுவின் இயல்பு அமைப்பு மெனுவை மறைத்து வைப்பதுதான். வேறு இயங்குதளம் இருக்கிறது என்று ஓஎஸ்-புரோபர் கண்டு சொல்வதால்தான் மெனுவே நமக்குத் தெரிகிறது. அதை நிறுத்தியதும் மெனு மறைந்துவிட்டது. ‘டைம்அவுட்_ஸ்டைல்’ வரியில் ‘மெனு’ என்றும், ‘டைம்அவுட்’ வரியில் நொடியையும் நாமே எழுத வேண்டும்.

தம்பிக்கு நேர்மாறான பிரச்சினை. அவன் வைத்திருக்கும் டெபியன் 12 என்ற லினக்ஸில் விண்டோஸ் வரி வரவே இல்லை. 2021-இல் வந்த கிரப் 2.06-லிருந்து ஓஎஸ்-புரோபரைப் பாதுகாப்பு கருதி இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறார்கள். ‘கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்’ வரியை ‘ஃபால்ஸ்’ ஆக்கியதும் வந்துவிட்டது.

வரைகலையில் இதையெல்லாம் செய்ய கிரப் கஸ்டமைசர் இருக்கிறதே என்பீர்கள். நானும் அதைப் போட்டுப் பார்த்தேன். மூல ஸ்கிரிப்டுகளை அது வேறு அடைவுக்கு நகர்த்தித் தன் முறையில் அடுக்கிக்கொள்ளும். அடுக்கியது யார் என்று மறந்துபோய் நான் கையாலும் திருத்தினேன்; குழப்பம் என்னுடையது. ஏதாவது ஒரு வழியில் போங்கள். எனக்கு இந்தச் சின்னக் கோப்பு போதும். அதன் நகல் என் மெயிலில் இருக்கிறது.

மெனுவில் சேராத ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ், மெஷினின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 காட்டினால் காரணம் அந்த ஐந்தரை மணி நேரம்தான். உபுண்டுவில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் சண்டை ஓயும்.

இப்போது பாக்கி இருப்பது காத்திருக்கும் நொடி. ராத்திரி டீ டம்ளரை வைத்துவிட்டு அம்புக்குறியை அழுத்த எனக்கு 5 வேண்டும். அவருக்கு 2 போதும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் சந்தோஷம். போன மாதம் 3 என்று வைத்தேன். நேற்று டம்ளரை வைப்பதற்குள் டேலி வந்துவிட்டது.