சமையற்கூடத்துக்கு டிராலி வாங்குமுன்: மூன்று வண்டிகளோடு ஆறு ஆண்டுகள்

நான் பொறுப்பேற்றிருக்கும் கல்லூரி விடுதியில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 600 பேருக்குச் சமைக்கிறோம். சமையற்கூடத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் இடையே 40 மீட்டர் தூரம். அந்தப் பாதையில் ஒரு சரிவும், ஒரு வாசற்படியும், கழிவுநீர் வாய்க்காலின் மேல் போட்ட இரும்புச் சல்லடை ஒன்றும் குறுக்கிடுகின்றன. ஆறு ஆண்டுகளில் இந்தப் பாதையில் மூன்று வகை டிராலிகளை ஓட்டியிருக்கிறோம். விடுதி, மருத்துவமனை, கல்யாண மண்டபம் ஆகியவற்றுக்கு டிராலி வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதல் வண்டி, பாத்திரக் கடையில் ஆயத்தமாக வைத்திருந்த மூன்று தட்டு எவர்சில்வர் டிராலி. தட்டுகள் கண்ணாடிபோல் மின்னியதைப் பார்த்தே வாங்கினோம். அதன் சக்கரங்கள் 3 அங்குல விட்டமுள்ள கெட்டி நைலான் சக்கரங்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் காலை, சாம்பார்க் குண்டானோடு போன வண்டியின் முன்சக்கரம் சல்லடையின் இடைவெளிக்குள் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. வண்டி நின்றாலும் உள்ளிருந்த சாம்பார் நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டி அலைபோல் எழும்பி, வண்டியைத் தள்ளியவரின் புறங்காலில் கொட்டியது. காயம் ஆறி அவர் வேலைக்குத் திரும்ப ஒன்பது நாள் ஆனது. அன்று மாலை எங்கள் சமையல் மாஸ்டர் என்னிடம், "தட்டைப் பார்த்து வாங்கிட்டோம் சார், சக்கரத்தைப் பார்த்து வாங்கியிருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு நான் வாங்கிய எந்த வண்டியையும் முதலில் கவிழ்த்துப் போட்டுத்தான் பார்த்தேன்.

சக்கரத்தின் விட்டம் பெரிதாக இருந்தால் மேடு பள்ளங்களை எளிதாகத் தாண்டும், இடைவெளிகளில் சிக்காது. கொதிக்கும் குழம்பு போகும் வண்டிக்கு 5 அங்குலத்துக்குக் குறைவான சக்கரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நைலான் எடை தாங்கும். ஆனால் ஓடு பதித்த தரையில் கடகடவென்று சத்தம் போடும், ஓட்டின் விளிம்பையும் பெயர்க்கும். சாதாரண ரப்பர் சத்தமின்றி ஓடினாலும், எண்ணெய் பட்டுப் பட்டு ஊதிப்போகிறது. தரையில் கறுப்புக் கோடும் விழுகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது பாலியூரிதேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த சக்கரம். எண்ணெய்க்கு அது அசையாது, தரையையும் கெடுக்காது.

எடைக் கணக்கில் பலரும் தவறுகிறார்கள். 50 லிட்டர் சாம்பார் என்றால் 50 கிலோவுக்குக் குறையாது. குண்டானின் எடை தனி. இப்படி இரண்டு குண்டான்கள், சோற்றுப் பாத்திரம், வண்டியின் சொந்த எடை எல்லாம் சேர்ந்தால் எங்களுக்கு 210 கிலோ வருகிறது. இதை நான்கால் வகுத்துச் சக்கரம் வாங்கக் கூடாது. சமமில்லாத தரையில் ஏதேனும் ஒரு சக்கரம் அந்தரத்தில் இருக்கும் என்பதால் மூன்றால் வகுக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனியாக 70 கிலோ தாங்க வேண்டும்.

நான்கு சக்கரமும் சுழலும் வண்டி குறுகலான இடத்தில் வசதியானது. எங்கள் சரிவிலோ அது பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. கைப்பிடிப் பக்கம் இரண்டு சுழல் சக்கரம், எதிர்ப்பக்கம் இரண்டு நிலைச் சக்கரம் என்ற அமைப்பே நீண்ட பாதைக்கு ஏற்றது. பிரேக் என்பது சக்கரத்தை மட்டும் பிடித்தால் போதாது, சுழற்சியையும் சேர்த்துப் பூட்ட வேண்டும்.

இரண்டாவது வண்டியை ஒரு பட்டறையில் அளவு கொடுத்துச் செய்வித்தோம். சக்கரம் சரியாக அமைந்தது, தகடுதான் ஏமாற்றிவிட்டது. எளிதில் துருப்பிடிக்காத எவர்சில்வர் வகையான 304 தரம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள், நாங்களும் காந்தம் வைத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. அந்தச் சோதனையால் பயனில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 304-இல் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 202 என்ற மலிவான தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வெல்டிங் ஓரங்களில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றின. குழாய்க் கால்களின் அடிவாயையும் மூடாமல் விட்டிருந்தார்கள். ஒரு நாள் அந்தக் குழாய்க் கால் ஒன்றைத் தட்டியபோது அழுக்குத் தண்ணீரோடு கரப்பான்பூச்சிகளும் வந்து விழுந்தன. உணவு போகும் வண்டியில் இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு பதறியது.

மூன்றாவது வண்டிக்கு எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டோம். 304 என்று பில்லிலேயே குறிப்பிட வேண்டும், தட்டின் தடிமன் 1.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, தட்டின் அடியில் குறுக்குச் சட்டம் வேண்டும், வெல்டிங் முழுமையாக ஓடித் தேய்த்து மழுங்கியிருக்க வேண்டும், குழாயின் வாய் அடைபட்டிருக்க வேண்டும் என்பவை எங்கள் நிபந்தனைகள். தகடு வந்ததும் எஃகுக் கடைகளில் விற்கும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டு, நிறம் எப்படி மாறுகிறது என்று பார்த்தே 304 என்பதை உறுதி செய்துகொண்டோம். தட்டுக்கு மூன்று பக்கம் மட்டும் விளிம்பு வைக்கச் சொன்னது மாஸ்டரின் யோசனை. நான்கு பக்கமும் விளிம்பிருந்தால் 60 கிலோக் குண்டானை ஒவ்வொரு முறையும் தூக்கித்தான் இறக்க வேண்டும். ஒரு பக்கம் சமமாக இருந்தால் அடுப்பு மேடையிலிருந்து நகர்த்தியே ஏற்றலாம். அதற்காக மேல்தட்டின் உயரத்தை மேடைக்கு இணையாக வைத்து, ஓடும்போது அந்தப் பக்கத்தை அடைக்க ஒரு கழற்றும் கம்பியும் போட்டுக்கொண்டோம். விலை முந்தைய வண்டியைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நான்காவது ஆண்டு நடக்கிறது, இன்றுவரை ஒரு புள்ளித் துரு இல்லை.

எச்சில் தட்டு, டம்ளர் எடுக்க மட்டும் பிளாஸ்டிக் வண்டியே மேல் என்பது என் முடிவு. சத்தம் குறைவு, துரு என்ற பேச்சே இல்லை, சுவரில் இடித்தாலும் சுண்ணாம்பு பெயராது. நோயாளிகள் உறங்கும் மருத்துவமனை வராந்தாவுக்கு இது இன்னும் பொருந்தும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை மட்டும் அதன்மேல் நேரடியாக வைக்கக் கூடாது.

304 என்றாலும் பராமரிப்பு வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் துடைக்காமல் விட்டால் அதுவும் அரித்துப் புள்ளி விழும். நல்ல தண்ணீரில் அலசி உலரவிட வேண்டும். சக்கர அச்சில் சுற்றிய சாக்கு நாரையும் முடியையும் நாங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வெட்டி எடுக்கிறோம். வண்டியோடு இரண்டு உதிரிச் சக்கரங்களையும் சேர்த்தே வாங்கியிருந்தோம். சென்ற மாதம் ஒன்று பழுதானபோது, மதியச் சாப்பாடு போவதற்கு முன்பே மாற்றிவிட்டோம்.